கோமாளத்தில் நீ போட்ட வேலி

மகனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஏரி காக்கும் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்ட போட்டோவில், எரிந்து கறுத்த புல்லுக்கு நடுவே, பச்சைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். சுற்றிலும் பத்துப் பேர். எல்லோர் முகத்திலும் துக்க வீட்டுக்கு வந்த களை. போட்டோவுக்குக் கீழே நீ தாசில்தாருக்கும் போலீசுக்கும் கொடுத்த புகாரின் நகல். அதை மூன்று தரம் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்காம் தரமும் படித்தேன். யல்லம்மா என்கிற ஆடு மேய்க்கும் பெண், புதுப் புல் முளைக்க வேண்டும் என்பதற்காக, நீங்கள் வேலி போட்டுக் காப்பாற்றிய இடத்துக்குத் தீ வைத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். இப்படித் தீ வைப்பது ஆடு மேய்க்கிறவர்களின் பழைய வழக்கம்தான் என்று கால்நடைத் துறையில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் உறுதி செய்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒருவரின் பெயரையும் போட்டிருக்கிறாய். என் பெயர். இனிஷியல்கூடச் சரியாக இருக்கிறது.

புகாரை ஊர் பார்க்கப் போட்டாய், அதனால் பதிலையும் ஊர் பார்க்கவே போடுகிறேன். உன் அம்மா வேண்டாம் என்றாள். "பெத்த புள்ளைய நாலு பேர் முன்னாடி வெச்சுத் திட்டுவாங்களா? போன் போட்டுப் பேசுங்களேன்" என்றாள். போனில் பேசித்தான் இந்த வினையே வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது என்பதும் தெரியும். ஆபீஸ் கடிதம் என்றால் கன்னடத்தில் எழுதுவேன். முப்பது வருடம் அப்படித்தான் எழுதினேன். சண்டை போட எனக்குத் தமிழ்தான் வரும். படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை ஆனேக்கல் தாசில்தார் ஆபீசில் விசாரணை. நீ கேட்டிருப்பது இரண்டு. யல்லம்மா மேல் கேஸ் வேண்டும். அதோடு, வேலிக்கு வெளியே மிச்சமிருக்கிற பாதிக் கோமாளத்தையும் வேலிக்குள் கொண்டுவந்து, ஆடு மாடு இனி எந்நாளும் நுழையாதபடி தடை போட வேண்டும். தமிழ்நாட்டில் மேய்ச்சல் புறம்போக்கு என்பார்கள், இங்கே கோமாளம். பெயரே மாடு மேய்கிற இடம் என்றுதான் இருக்கிறது. அதிலிருந்து மாட்டையும் ஆட்டையும் தள்ளிவிட்டு எதைக் காப்பாற்றப் போகிறாய்? முதலாவது கிடைக்காவிட்டாலும் இரண்டாவது கிடைத்தால் போதும், யல்லம்மாவின் கதை முடிந்தது. மேய்க்க இடமில்லாதவள் மந்தையை வைத்துக்கொண்டு அழகு பார்ப்பாளா? சந்தாபுராவிலிருந்து கறிக்கடைக்காரர் ஒருவர் வந்து ஆடுகளின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். சினை ஆடுகளையும் சேர்த்துத்தான் அவர் கேட்கிறார்.

இன்னொரு விஷயம், அற்ப விஷயம்தான், ஆனால் எனக்கு வயிறு எரிகிறது. புகாரில் முழுக்க வெள்ளாடு வெள்ளாடு என்று எழுதியிருக்கிறாய். அவளிடம் இருப்பது செம்மறி. ஒன்றே ஒன்றுகூட வெள்ளாடு கிடையாது. யாருடைய பிழைப்பைக் கெடுக்கப் போகிறோமோ அவர்களிடம் இருப்பது என்ன பிராணி என்றாவது போய்ப் பார்த்திருக்கலாம். செம்மறி குனிந்து புல்லைக் கடிக்கும், வெள்ளாடு நிமிர்ந்து செடியைத் தேடும். மாட்டு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லை என்றால் அந்த வெட்கத்தில் பாதி எனக்கும் உண்டு.

பாதி என்ன, முக்கால்வாசி. ஆட்டைக் கண்டால் உனக்கு வருகிற அந்த வெறுப்பு நான் ஊட்டியது. மூன்றாம் வகுப்பில் உங்கள் பள்ளியில் சுற்றுச்சூழல் ஓவியப் போட்டி வைத்தார்கள். நீ ஓர் ஆட்டைப் போட்டாய். அதன் வாயில் ஒரு மரம், வேரோடு. கண்ணுக்குச் சிவப்பு கிரேயான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கொம்பை இன்னும் பெரிசா போடுடா, பயமா இருக்கணும்" என்றேன். முதல் பரிசு. ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார்கள். நான் தலை கால் புரியாமல் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டினேன். ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் அந்தப் படத்துக்குக் கீழேதான் வரிசையில் நின்றார்கள். ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. அரசாங்கச் சுவரில் மாட்டியிருக்கிறதைப் பற்றி அவர்கள் என்ன சொல்ல முடியும்?

எனக்கு அப்போது அதுதான் வேதம். ஸ்கூட்டரில் கரும்பலகையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன். மேய்ச்சல் தரித்திரம், கட்டி வளர்ப்பது முன்னேற்றம். நாட்டு மாட்டை விற்றுவிடு, கலப்பின மாடு வாங்கு, கொட்டகையில் கட்டு, தீவனத்தை அதன் வாய்க்கே கொண்டுபோ. கேட்டார்கள். நான் நல்லவன் என்று நம்பிக் கேட்டார்கள். பால் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. எத்தனையோ வீட்டில் அந்தப் பாலில்தான் பிள்ளைகள் காலேஜ் போனார்கள். ஆனால் மாடு வெளியே வருவது நின்றதும் கோமாளம் காலியாகிவிட்டது. காலியாகக் கிடக்கிற நிலம் ஆபீஸ் ஃபைலில் தரிசு என்று ஏறும். தரிசு என்று ஏறினால் அதைக் கேட்க ஆயிரம் பேர். ஒரு ஊரில் கல் குவாரி, ஒரு ஊரில் லேஅவுட், ஒரு ஊரில் நகரத்துக் குப்பை. தினமும் மாடு ஓட்டிக்கொண்டு போகிறவன் இருந்தால் முதல் லாரி வந்த அன்றே சத்தம் போட்டிருப்பான். அவனைத்தான் நான் கொட்டகையில் கட்டிப்போட்டேனே. நீ குடியிருக்கும் அடுக்ககம் நிற்கிற இடத்திலும் நான் ஒரு காலத்தில் மந்தைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறேன். இன்று அதன் பெயர்ப் பலகையில் மட்டும் புல்வெளி இருக்கிறது.

இதையெல்லாம் நான் ஓய்வு பெற்ற பிறகுதான் யோசித்தேன். வேலையில் இருந்தபோது யோசிக்க நேரமில்லை என்று சொல்லலாம், உண்மையில் மனமில்லை. முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார், நம் ஏரியைத் தாண்டி கோமாளம் வரைக்கும் நடக்க ஆரம்பித்தேன். அங்கேதான் யல்லம்மா. நாற்பது வயது இருக்கும். புருஷன் எலெக்ட்ரானிக் சிட்டியில் செக்யூரிட்டி. மந்தை அவளுடையது, முடிவும் அவளுடையது. என்னைப் பார்த்தால் "டாக்டரே" என்பாள். நான் டாக்டர் இல்லை, கால்நடை இன்ஸ்பெக்டர்தான் என்று ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. அவளும் "சரி டாக்டரே" என்று ஆயிரம் தடவை சொல்லியாயிற்று.

அப்போதுதான் நீ வந்தாய். சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாக இருந்தது. சனி ஞாயிறு தூங்காமல் என் மகன் ஏரி காக்க வருகிறான் என்று பால்காரரிடம்கூடச் சொன்னேன். ஏரியை ஒட்டிய பாதிக் கோமாளத்தைச் சுற்றிக் கம்பி வேலி, உள்ளே மரக்கன்று. திறப்பு நாளில் என்னைச் சிறப்பு விருந்தினர் என்று மேடையேற்றினாய். உங்கள் மனுவில் ஆதரிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். ஒரு புங்கன் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன், கை தட்டினீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் யல்லம்மா மந்தையோடு நின்றிருந்தாள். காலையில் வந்தவளுக்குத்தான் அங்கே வேலி இருப்பதே தெரிந்திருக்கிறது. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "டாக்டரே, நீங்களுமா?" என்றாள். எனக்கு நன்றாகவே கேட்டது. மைக் சத்தத்தில் கேட்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

அடுத்த வாரம் நடக்கப் போனபோது அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கடுத்த வாரம் அவளாகவே கேட்டாள்: "நாங்க வர்லன்னா இங்க யாரு வருவாங்கன்னு நெனச்சீங்க? மயிலா வரும்? லாரிதான் டாக்டரே வரும்."

"வேலி இருக்குதே."

"கேட்டும் இருக்குதுல்ல. சாவி யார்கிட்ட?"

சாவி உங்களிடம். வாரத்தில் இரண்டு நாள் வருகிற உங்களிடம்.

இரண்டு வருடம் நான் அந்த வேலியின் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். தினமும். நீ ட்ரோனில் பார்த்தாய், நான் காலால் பார்த்தேன். முதல் மழையில் உள்பக்கம் பச்சைப்பசேலென்று வந்தது. நீங்கள் அதைப் படமெடுத்துக் கொண்டாடினீர்கள். அடுத்த மழைக்கு ஊசிப்புல் இடுப்பு உயரம். அது முற்றியதும் கீழே இருந்த அருகம்புல்லும் சின்னச் சின்னப் பூண்டுகளும் வெளிச்சம் இல்லாமல் செத்தன. ஓரத்தில் உண்ணிச்செடி, நடுவில் பார்த்தீனியம். உங்கள் கன்றுகள் அந்தப் புதருக்குள் எங்கே இருக்கின்றன என்று நீங்களே தேடினீர்கள். குச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? வெளிப்பக்கம் ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாக, பார்வைக்கு ஒன்றுமில்லாமல் கிடந்தது. ஆனால் ஆள்காட்டிக் குருவி முட்டை வைத்தது அங்கேதான். கூழாங்கல்லுக்கு நடுவே வெறும் தரையில் வைக்கும், ஆடு பக்கத்தில் வந்தால் இறக்கையை விரித்துக் கத்தும், ஆடு பேசாமல் விலகிப் போய்விடும். புல் உயர்ந்துவிட்டால் அந்தக் குருவிக்கு எதிரே வருவது யார் என்று தெரியாது, இடத்தை மாற்றிக்கொள்ளும். வானம்பாடியும் அங்கேதான். சாணி உருட்டுகிற வண்டு, அதைத் தின்ன வருகிற பறவை, மாட்டின் காலடியிலேயே நடக்கிற உண்ணிக்கொக்கு, பனிக்காலத்தில் எங்கிருந்தோ வந்து தாழப் பறக்கிற பூனைப்பருந்து, எல்லாம் வெளிப்பக்கம். உங்கள் குழுவில் நீளமான லென்ஸ் வைத்துக்கொண்டு ஒரு தம்பி வருவானே, அவனைக் கேள். நீங்கள் காலண்டரில் போட்ட பறவைப் படங்கள் ஒன்றுவிடாமல் வேலிக்கு வெளியே நின்று எடுத்தவை. ஆடு மேய்கிற இடத்தில் எடுத்த படத்தைப் போட்டு, ஆட்டை விரட்ட ஆதரவு கேட்டீர்கள். உங்களுக்கு வெட்கமே கிடையாதா?

அளவுக்கு மீறி மேய்ந்தால் நிலம் மொட்டையாகும், அதை மறைக்க மாட்டேன். ஒரே இடத்தில் வருடம் முழுக்க மந்தை நின்றால் மண் புழுதியாகிவிடும்; பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் மந்தைக்கு நடை இருக்கிறது. மழைக் காலத்தில் ஓரிடம், அறுவடைக்குப் பின் ஓரிடம். நின்று மேய்கிற இடம் கெடும், வந்து போகிற இடம் கெடாது. நீ அந்த நடையை வேலி போட்டுப் பாதியாக வெட்டினாய். வெளிப் பாதியில் நெருக்கடி ஆனதும், பார்த்தாயா ஆடு எப்படி மொட்டையடிக்கிறது என்று படமெடுத்துப் போட்டாய். ஒருவனின் தட்டைப் பாதியாக உடைத்துவிட்டு, சோற்றைக் கீழே சிந்துகிறான் பார் என்று சொல்கிற வேலை இது.

இப்போது தீக்கு வருகிறேன். போன புதன்கிழமை மதியம் வேலிக்குள் தீ பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. பீடித் துண்டா, மின்கம்பிப் பொறியா, குப்பை கொளுத்தினார்களா, யாரும் பார்க்கவில்லை. ஆனால் எரிந்தது எது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். இரண்டு வருடமாக எந்த வாயும் கடிக்காத புல், காய்ந்து, இடுப்பு உயரத்துக்கு நின்றது. நீயே ட்ரோனில் படம் எடுத்துப் போட்டிருக்கிறாய், பெரிதாக்கிப் பார். வேலி வரைக்கும் கறுப்பு. வேலிக்கு வெளியே ஒரு முழம்கூடத் தீ போகவில்லை. அங்கே அதற்குத் தின்ன எதுவும் இல்லை. ஆடு முன்னாலேயே தின்றுவிட்டது. ஊர் வீடுகள் இருப்பது அந்தப் பக்கம்தான். தீயை நிறுத்தியது யல்லம்மாவின் மந்தை. அந்தப் படத்தையே அவளுக்கு எதிராகச் சாட்சியம் என்று இணைத்திருக்கிறாயே, படித்தவனே!

அடுத்தது உனக்குத் தெரியாதது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. கேழ்வரகு அறுத்து முடிந்த பிறகு இந்தப் பக்கத்தில் எந்த மந்தையும் கோமாளத்தில் இருக்காது. அறுத்த வயலில் தாள் மேயும், பொழுது சாய்ந்தால் அதே வயலில் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கைக்காக நிலக்காரர்கள் முறை போட்டுக் கூப்பிடுவார்கள். இன்று ஒருவர் வயல், நாளை அடுத்தவர் வயல். யல்லம்மாவின் மந்தை சங்கராந்தி கழிந்ததிலிருந்து ஆனேக்கல்லுக்கு அந்தப் பக்கம் வயல்களில்தான் கிடக்கிறது. கோடை மழை விழுந்த பிறகுதான் கோமாளத்துக்குத் திரும்பும். அதற்கு முன்னால் கொளுத்தினால் சாம்பல்தான் மிஞ்சும், புல் வராது. இல்லாத ஆட்டுக்கு, வராத புல்லுக்கு, யாராவது தீ வைப்பார்களா? புதன்கிழமை மதியம் அவள் அந்த வயலில் இருந்தாள் என்பதற்கு நானே சாட்சி. இரண்டு ஆட்டுக்குக் குளம்பு அழுகியிருக்கிறது என்று கூப்பிட்டிருந்தாள். காலையில் போய் மருந்து போட்டு, அவள் கொடுத்த களியைத் தின்று, மூன்று மணிக்கு மேல்தான் கிளம்பினேன். அதுவரைக்கும் அவள் என் கண் முன்னாலேயே இருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். அப்போதுதான் நீ போன் செய்தாய். தீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அப்பா, சும்மா ஒரு டவுட். இந்த ஆடு மேய்க்கிறவங்க புதுப் புல்லுக்காகத் தீ வைப்பாங்களா?" என்றாய். "வைப்பாங்களே, வழக்கம்தான்" என்றேன். மலைப் பக்கத்தில் எங்கோ கேள்விப்பட்டதை, நம் ஊரில் ஒருநாளும் கண்ணால் பார்க்காததை, பெரிய அனுபவஸ்தன் மாதிரிச் சொன்னேன். "தேங்க்ஸ்பா" என்று வைத்துவிட்டாய். எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. ஏன் தெரியுமா? நீ போன் செய்து மாதக் கணக்காகியிருந்தது. என் மகனுக்கு என்னிடம் கேட்க ஒரு சந்தேகம் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் மிதந்தேன். தெரியாது என்று சொன்னால் அடுத்த தடவை கேட்க மாட்டாயோ என்று பயம். அதுதான் உண்மை. அந்த அற்ப சந்தோஷத்துக்கு ஒரு பெண்ணின் பிழைப்பைக் கொடுத்திருக்கிறேன். என்னை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் நீ என்னை ஏமாற்றித்தான் அந்த வார்த்தையை வாங்கினாய், அதையும் மறக்கப் போவதில்லை.

திங்கட்கிழமை காலையில் யல்லம்மா நம் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். சனிக்கிழமை முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். மந்தையைப் பக்கத்து வயல்காரரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், ஒரு குட்டியை நாய் கடித்துவிட்டது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"டாக்டரே, நான்தான் தீ வெச்சேன்னு நீங்க சொன்னீங்களாமே? புதன்கிழம நீங்க எங்கூடத்தான இருந்தீங்க?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். உன் அம்மா என் பின்னால் வந்து நின்றிருந்தாள். என் மகன் அப்படி எழுதிவிட்டான் என்று சொல்லலாம், ஆனால் சொன்னது என் வாய்தானே. கடைசியில், "தப்பு என்னுதும்மா" என்றேன். "அது எனக்கு எதுக்கு டாக்டரே? ஆபீசர்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சரியாகத்தான் சொன்னாள்.

இன்று காலை ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே ஏட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மகன் குடுத்த கம்ப்ளெயிண்ட்டுக்கு அப்பா எதிரா? வீட்லயே பேசிக்கோங்க சார், எதுக்கு இங்க?" என்றார். பேப்பர் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து கன்னடத்தில் எழுதிக் கொடுத்தேன். என் பெயரில் புகாரில் எழுதியிருப்பது நான் விசாரிக்காமல் சொன்ன பொதுப் பேச்சு, அதைத் திரும்பப் பெறுகிறேன். தீ பிடித்த நேரத்தில் யல்லம்மா என்னோடு இருந்தாள். வேலி போட ஆதரவு என்று நான் போட்ட கையெழுத்தும் தவறு, அதையும் திரும்பப் பெறுகிறேன். இந்த மூன்றையும் எழுதி நகலுக்கு முத்திரை வாங்கிக்கொண்டேன். அதே நகலைத் தாசில்தார் ஆபீசிலும் கொடுத்துவிட்டேன். நீ புகாரில் முதல் ஆளாகச் சேர்த்த சாட்சி இப்போது எதிர்ப்பக்கம் வந்துவிட்டான்.

உனக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. புகாரைத் திரும்பப் பெறு. திரும்பப் பெற்றுவிட்டு, வேலியைப் பிரிக்கக் கேள். மரம் வேண்டுமென்றால் ஏரிக் கரையில் நடு, நானும் வந்து தண்ணீர் ஊற்றுகிறேன். மேய்ச்சல் நிலத்தில் நடாதே. மழைக்குப் பின் புல் விதை விடுகிற வரைக்கும் எந்தப் பக்கம் ஒதுக்க வேண்டும், எந்த மந்தை எப்போது வரலாம் என்பதை யல்லம்மாவையும் மற்றவர்களையும் உட்கார வைத்துப் பேசி முறை வைத்துக்கொள்ளலாம். கிடைக்கு முறை வைக்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை. வெயிலில் மந்தை குடிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுங்கள். பச்சைத் தொப்பியோடு வந்து அதற்குத் தண்ணீர் நிரப்புங்கள், நானே போட்டோ எடுத்துத் தருகிறேன். கோமாளத்துக்குள் லாரி வந்தால் முதலில் சத்தம் போடப் போவது அவர்கள்தான்; அப்போது சட்டம் தெரிந்த நீங்கள் பின்னால் நில்லுங்கள். நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நீ மனதார நினைக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் இத்தனை கோபம். கெட்டவன் செய்திருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், கேஸ்தான் போட்டிருப்பேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, யாரோ மனதைக் கலைத்துவிட்டார்கள் என்று குழுவில் சொல்லப் போகிறாய். சொல்லிக்கொள். வயதாகிவிட்டதுதான், அதனால்தான் அவசரம். ஒரு தப்பை முப்பது வருடம் ஊருக்குப் போதித்தேன், அதைத் திருத்த எனக்கு இன்னொரு முப்பது வருடம் கிடையாது. உனக்கு இருக்கிறது. ஒப்புக்கொள்ள உனக்கும் என்னைப் போல முட்டி தேயும் வரைக்கும் ஆக வேண்டாம்.

புகாரைத் திரும்பப் பெற மாட்டேன் என்றால் வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பார்ப்போம். எப்படியும் சந்தாபுரா வழியாக நம் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும், காலையில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. அம்மா இட்லிக்கு மாவு ஆட்டி வைத்திருப்பாள். உனக்கும் எனக்கும் ஒரே மேஜையில்தான் தட்டு வைப்பாள், நானும் எழுந்து போக மாட்டேன். ஆனால் ஆபீசுக்கு உன் காரில் என்னைக் கூப்பிடாதே. நான் யல்லம்மாவோடு பஸ்ஸில் போகிறேன்.

அப்பா